உயிர் காக்கும் ஆராய்ச்சி: உதவித்தொகையோடு ஒரு மேல்படிப்பு

(திருவனந்தபுரத்தில் நடந்த நம் அங்கத்தினர் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்தக் கூட்டத்தில் வழக்கமாக என்ஜினியரிங், சி.ஏ., வங்கித் தேர்வு, அமெரிக்கப் படிப்பு என்று பேசுவோம். இந்த முறை என்னிடம் தலைப்பு கேட்டபோது, "தற்கொலைத் தடுப்பில் ஆராய்ச்சிப் படிப்பு" என்று எழுதிக் கொடுத்தேன். காரியதரிசி அதைப் படித்துவிட்டு, "ஸார், கொஞ்சம் மங்களகரமாக ஏதாவது..." என்று இழுத்தார். அவர் பேரில் தவறில்லை. நாம் எல்லோருமே அந்த வார்த்தையைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறவர்கள்தான். ஆனாலும் தலைப்பை மாற்றாமல் விட்டதற்கு அவருக்கு என் நன்றி.

இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சமீபத்தில் ஒரு விசேஷத்தில் ஒரு மாமி என்னைத் தனியே கூப்பிட்டார். அவருடைய பெண் ஸைக்காலஜியில் எம்.எஸ்ஸி. முடித்திருக்கிறாள். மேலே பிஎச்.டி. பண்ண வேண்டும், அதுவும் இந்த விஷயத்தில்தான் என்று நிற்கிறாள். "மாமா, நீங்க சொன்னா அவ கேட்பா. படிக்கறதுக்கு இந்த ஸப்ஜெக்ட்தானா கிடைச்சுது? இதுல ஸ்காலர்ஷிப் ஏதாவது வருமா? தினமும் இந்தக் கதையையே கேட்டுண்டிருந்தா அவ மனசு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டார். மூன்றும் பெற்றவர் கேட்க வேண்டிய கேள்விகள். மூன்றுக்கும் இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் வைத்தியன் அல்ல. புள்ளியியல் வாத்தியாராக இருந்தவன். ஆராய்ச்சி மாணவர்கள் பலருக்குக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தவன். அந்த அளவில்தான் பேசுகிறேன்.

இந்த ஸப்ஜெக்ட் எதற்கு?

முதலில் நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-ம் வருஷத்துக்குத் தந்த விவரப்படி, அந்த ஒரு வருஷத்தில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். ஜனத்தொகையில் லட்சத்துக்கு 12.4. கேரளத்தில் அதே வருஷம் லட்சத்துக்கு 28.5. அதாவது தேச சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள். படிப்பறிவிலும் ஆயுளிலும் தாய்-சேய் நலத்திலும் மற்ற மாநிலங்களுக்கு உதாரணமாகக் காட்டப்படும் மாநிலம் இது. இங்கே ஏன் இப்படி? பதிவு ஒழுங்காக நடப்பதால் எண்ணிக்கை கூடுதலாகத் தெரிகிறதா? கடனா, குடியா, வியாதியா, பிள்ளைகள் வெளியூர் போனபின் வரும் தனிமையா? ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்கிறோம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஆராய்ச்சி வேண்டும்.

எண்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் ஒரு வேலை செய்தார்கள். 1992 முதல் 2001 வரை, 10 வயதிலிருந்து 19 வயதுக்குள் நடந்த ஒவ்வொரு மரணத்தையும், கிராம சுகாதார ஊழியர்களைக் கொண்டு வீட்டுக்கு வீடு விசாரித்துப் பதிவு செய்தார்கள். 2004-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியானபோது உலகமே திடுக்கிட்டது. அந்த வயதுப் பெண்களில் லட்சத்துக்கு 148, பையன்களில் 58. போலீஸ் கணக்கில் கண்ணில் படாத குழந்தைகள் இவர்கள். அதேபோல, 2012-ல் 'லான்செட்'டில் வந்த இன்னொரு பெரிய ஆய்வு, 2010-ல் இந்தியாவில் ஏறக்குறைய 1,87,000 பேர் இப்படி இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த வருஷம் அரசாங்கப் பதிவில் இருந்தது 1,34,599. நடுவில் விட்டுப்போன ஐம்பதாயிரம் பேரும் எங்கே போனார்கள்? "ஹார்ட் அட்டாக்", "கால் தவறி விழுந்துவிட்டார்", "திடீரென்று போய்விட்டார்" என்று வீட்டார் சொன்னதில் ஒரு பங்கு நிச்சயம் அடங்கியிருக்கும். நம் அக்ரஹாரங்களும் இதற்கு விலக்கல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

ஆராய்ச்சியால் உயிர் பிழைத்ததுண்டா?

"சரி, எண்ணிப் பார்த்து என்ன ஆகப் போகிறது? தலையெழுத்தை மாற்ற முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

சென்னையில் 1986-ல் டாக்டர் லக்ஷ்மி விஜயகுமார் 'ஸ்நேஹா' என்ற அமைப்பை ஆரம்பித்தார். மனம் உடைந்தவர்கள் சொல்வதைத் தொண்டர்கள் பொறுமையாகக் கேட்பதுதான் அதன் அடிப்படை. அதோடு நிற்காமல் ஆராய்ச்சியும் செய்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளில் ஐந்து இடங்களில் ஒரு பரீட்சார்த்தம் நடத்தியது. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்து பிழைத்த 1,867 பேரை இரண்டு பிரிவாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றப் பிரிவுக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி விளக்கம், பிறகு 18 மாதத்தில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கிறீர்கள்?" என்று விசாரிப்பு. அவ்வளவுதான். 18 மாத முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிப்பு பெற்றவர்களில் 0.2 சதவீதம். 2008-ல் வெளியான இந்த முடிவைப் பார்த்தபோது நான் கணக்கை இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். விலையுயர்ந்த மருந்து இல்லை, இயந்திரம் இல்லை. ஒரு மனிதர் நினைவு வைத்துக்கொண்டு கூப்பிட்டார், அவ்வளவே.

இன்னொன்று, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் நடந்தது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், வங்கி லாக்கர் போல ஊர்ப்பொது இடத்தில் ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பெட்டி கொடுத்துப் பூட்டி வைத்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வு, மக்கள் இதை ஏற்றுக்கொள்கிறார்கள், நடைமுறையில் சாத்தியம் என்று காட்டியது. மனம் தடுமாறும் அந்தச் சில நிமிஷங்களைத் தாண்ட வைத்தாலே பலர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பது இந்தத் துறையின் பெரிய பாடம்.

இலங்கை அதைத் தேச அளவில் செய்து காட்டியது. 1995-ல் அங்கே விகிதம் லட்சத்துக்கு 47. உலகிலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்று. கடும் விஷமுள்ள பூச்சிமருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது வருஷத்தில் விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. சுமார் 93,000 உயிர்கள் பிழைத்திருக்கும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. விளைச்சல் இதனால் விழவில்லை என்பதையும் தனியாகக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கு இருந்ததால்தான் மற்ற நாடுகளும் காது கொடுத்துக் கேட்டன.

பரீட்சையில் தோற்ற குழந்தைக்கு ஒரு வருஷம் முழுக்க வீணாகாமல் சீக்கிரமே மறு தேர்வு வைக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்ததே, அதற்குப் பின்னாலும் ஸ்நேஹாவின் முயற்சி உண்டு. 2022-ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்களை இழந்திருக்கிறோம். இப்படி ஒரு ஏற்பாடு எத்தனை வீடுகளைக் காப்பாற்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாமியின் முதல் கேள்விக்கு இதுவே என் பதில். அபசகுனமான படிப்பு அல்ல இது. பிராணதானம் பெரிய தானம் என்கிறோம். அதைச் செய்யக் கற்றுத்தரும் படிப்பு.

எங்கே படிக்கலாம்? பணம் யார் தருவார்கள்?

திருவனந்தபுரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிடியூட் என்றால் நமக்கு இருதய ஆபரேஷன்தான் ஞாபகம் வரும். அதன் கீழேயே பொது சுகாதாரத்துக்கென்று அச்சுத மேனன் மையம் இருக்கிறது. எம்.பி.எச்., பிஎச்.டி. இரண்டும் உண்டு. மருத்துவம் படிக்காதவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. டெக்னோபார்க் பஸ்ஸில் நம் பிள்ளைகள் தினமும் கடந்து போகும் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் ஸைக்காலஜி துறை இருக்கிறது. கடன், வேலை, இடம்பெயர்வு இவற்றோடு சேர்த்துப் பார்க்க விரும்பும் எகனாமிக்ஸ் மாணவர்களுக்கு உள்ளூரில் சி.டி.எஸ். என்ற வளர்ச்சி ஆய்வு மையம். சற்றுத் தள்ளிப் போகலாம் என்றால் பெங்களூர் நிம்ஹான்ஸ். ஸைக்காலஜி, ஸைக்கியாட்ரிக் ஸோஷியல் ஒர்க், எபிடெமியாலஜி என்று எல்லாம் அங்கே ஒரே வளாகத்தில்.

பணத்துக்கு முதல் வழி யு.ஜி.சி. நெட் பரீட்சையில் ஜே.ஆர்.எஃப். வாங்குவது. வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. ஸைக்காலஜி, ஸோஷியல் ஒர்க், ஸோஷியாலஜி என எந்த வழியாகவும் வரலாம். 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட தொகைப்படி முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் ஐந்து வருஷம் வரை. ஜே.ஆர்.எஃப். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30; பெண்களுக்கு ஐந்து வருஷம் சலுகை உண்டு. கல்யாணம், குழந்தை என்று சில வருஷம் நின்றுபோன நம் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். சமூக விஞ்ஞான மாணவர்களுக்கு பிஎச்.டி. உதவித்தொகை தருகிறது. ஐ.சி.எம்.ஆர். பணத்தில் நடக்கும் ப்ராஜெக்டுகளில் சம்பளத்தோடு ஆராய்ச்சி உதவியாளர் வேலைகள் வரும். பிஎச்.டி.க்கு முன் ஒரு வருஷம் அப்படி ஒரு ப்ராஜெக்டில் இருந்து பார்ப்பது ரொம்ப நல்லது. இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிஎச்.டி. முடித்தவர்களுக்கும் டாக்டர்களுக்கும் இந்தியா அலையன்ஸ் ஃபெல்லோஷிப்புகள் இருக்கின்றன.

வெளிநாடு என்றால் ஆக்ஸ்ஃபோர்டு, மான்செஸ்டர், கிளாஸ்கோ, பிரிஸ்பேனில் கிரிஃபித், ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா ஆகிய இடங்களில் இதற்கென்றே ஆராய்ச்சிக் குழுக்கள் உண்டு. எடின்பரோவில் பூச்சிமருந்துத் தற்கொலைத் தடுப்புக்கென்று தனி மையமே இருக்கிறது. அவர்கள் வேலையில் பெரும்பகுதி நம் தெற்காசியாவைப் பற்றியது. இங்கே ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தில் "முழு உதவித்தொகை" என்று விளம்பரம் வந்தாலும், அது அந்நாட்டு மாணவர்களுக்கான ஃபீஸை மட்டும் கட்டுமா, வெளிநாட்டு மாணவர் ஃபீஸையும் கட்டுமா என்று எழுத்து மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிய தொகை. காமன்வெல்த் ஸ்காலர்ஷிப்பையும் பார்க்கலாம்.

விண்ணப்பத்தில் எடுபடுவது நல்ல கேள்வி. "தற்கொலைக்குக் காரணங்கள்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் சில கேள்விகளைச் சொல்கிறேன், விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருபவர்களை முறையாகப் பதிந்து பின்தொடர நம் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் என்ன ஏற்பாடு செய்யலாம்? சென்னையில் பலித்த அந்த ஒன்பது விசாரிப்பு கேரளத்தில், இப்போதைய செல்போன் காலத்தில், பலிக்குமா? பிள்ளைகள் பெங்களூரிலும் சிகாகோவிலும் இருக்க, கரமனையிலும் வலியசாலையிலும் தனியே இருக்கும் வயோதிகர்கள் நிலை என்ன? 2011 ஜனத்தொகைக் கணக்கிலேயே கேரளத்தில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 12.6 சதவீதம். பல ஊர்களில் இதைப் படிக்கும் நம் அங்கத்தினர்கள் ஒவ்வொருவருக்கும் இந்தக் கேள்வி வீட்டுக் கேள்வி.

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கும் இதில் இடம் உண்டு. 2018-ல் தமிழ்நாட்டின் ஒன்பது பெரிய நாளிதழ்கள் தற்கொலைச் செய்திகளை எப்படிப் போடுகின்றன என்று ஓர் ஆய்வு வந்தது. விவரங்களை விலாவாரியாகப் போட்ட செய்திகள் ஏராளம். உதவி எண்ணைச் சேர்த்தவை மிகச் சிலவே. 2019-ல் பிரஸ் கவுன்சில் வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு தமிழ், மலையாளப் பத்திரிகைகள் மாறினவா? பாஷை தெரிந்தவர்தான் இதைப் பார்க்க முடியும். கேள்வித்தாள் மொழிபெயர்ப்பும் அப்படித்தான். இங்கிலீஷ் கேள்வியில் 'டிப்ரஷன்' என்று இருக்கும். நம் வீட்டுப் பாட்டி அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டாள். "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்பாள். அதைக் காதில் வாங்கிக்கொள்ளத் தமிழும் மலையாளமும் தெரிந்த நம் ஊர்க் குழந்தைகளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

குழந்தையின் மனசு தாங்குமா?

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. இந்தத் துறையில் 'ஸைக்கலாஜிகல் அட்டாப்ஸி' என்று ஒரு முறை உண்டு. இறந்தவரின் குடும்பத்தாரிடம் உட்கார்ந்து, அவருடைய கடைசிக் காலத்தைக் கேட்டறிவது. சென்னையில் 1999-ல் வெளியான ஓர் ஆய்வில் இப்படி 100 மரணங்களை ஆராய்ந்து, ஒப்பிட்டுப் பார்க்க வேறு 100 பேரையும் சேர்த்தார்கள். அந்த நூறு வீடுகளிலும் யாரோ போய் உட்கார்ந்து அழுகையைக் கேட்டிருக்கிறார்கள். சுலபமான காரியம் அல்ல.

ஆகவே சேருவதற்கு முன் கைடிடம் மூன்று விஷயம் கேளுங்கள். வீடுகளுக்குப் போய்வந்த பிறகு மாணவர் மனம் விட்டுப் பேச வாராவாரம் நேரம் ஒதுக்குவாரா? பேட்டியின் நடுவில் ஒருவர் ஆபத்தான நிலையில் இருப்பது தெரிந்தால் உடனே யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுத்தில் ஏற்பாடு இருக்கிறதா? எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கும் பொறுப்பைத் தானும் எடுத்துக்கொள்வாரா? இதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்லும் கைடு கிடைத்தால் தைரியமாக அனுப்பலாம். மழுப்பினால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம். சொந்த வீட்டில் இப்படி ஒரு இழப்பு நேர்ந்த குழந்தைகள் இந்தத் துறைக்கு வருவதுண்டு. வரக்கூடாது என்பதில்லை; அவர்கள் புரிதல் ஆழமானது. ஆனால் சற்றுக் காலம் போகட்டும், முதலில் புள்ளிவிவர ஆய்வாகவோ பத்திரிகை ஆய்வாகவோ தொடங்கட்டும். எல்லோரும் துக்க வீட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

நாம் செய்யக்கூடியது

பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. இந்த ஊரில் யாரையாவது கேலி பண்ண "ஊளம்பாறைக்குப் போ" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது என்பது தவிர வேறு காரணமில்லை. இப்படிக் கேட்டு வளர்ந்த குழந்தை தன் கஷ்டத்தை எப்படி நம்மிடம் சொல்லும்? ஒரு வீட்டில் துர்மரணம் நேர்ந்தால் நாராயணபலி முதலான காரியங்களுக்கு வழி சொல்லும் நாம், பதின்மூன்று நாள் கழித்து அந்தத் தாயாரிடம் போய்ப் பேசுவதில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை என்கிறோம். "சாப்பிட்டேளா?" என்று கேட்டால் போதும்.

சட்டமும் மாறியிருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குப் பராமரிப்பு தர வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நியாய சம்ஹிதையில் பழைய 309-ம் பிரிவு இல்லை. போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க இனிக் காரணமில்லை. 2022 நவம்பரில் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு வியூகம், 2030-க்குள் இந்த மரணங்களை 10 சதவீதம் குறைப்பதை இலக்காக வைத்திருக்கிறது. குறைந்ததா என்று அளந்து சொல்லப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். இந்தத் துறையில் படித்தவர்களுக்கு வேலை இருக்கும் என்பதற்கு இதைவிட என்ன உத்தரவாதம்?

நம் கல்வி நிதியிலிருந்து வருஷம் ஒரு மாணவருக்காவது இந்தத் துறையில் உதவ வேண்டும் என்று ஒரு யோசனையை நிர்வாகஸ்தர்கள் முன் வைக்கிறேன். பெரிய தொகை வேண்டாம். பரீட்சைக் கட்டணம், இன்டர்வியூவுக்குப் போய்வரும் ரயில் செலவு, தகவல் திரட்டக் கிராமங்களுக்குப் போகும் பஸ் செலவு இருந்தால் போதும். உதவித்தொகை முதல் தடவை கைக்கு வரச் சில மாதம் தாமதமாகும். அந்த இடைவெளியில்தான் நடுத்தரக் குடும்பத்துக் குழந்தைகள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஏதாவது வேலைக்குப் போய்விடுகிறார்கள். வெளியூர் அங்கத்தினர்களும் இதைப் பற்றித் தங்கள் அபிப்பிராயத்தை எழுத வேண்டுகிறேன்.

கடைசியாக, இங்கே இருப்பவர்களிலோ இதைப் பின்னால் படிப்பவர்களிலோ யாருக்காவது மனசு தாங்கவில்லை என்றால், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் டெலி-மானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம். கேரளத்தில் திசா 1056. சென்னையில் ஸ்நேஹா 044-24640050. இந்த எண்களை பஞ்சாங்கத்தின் அட்டையில் எழுதி வையுங்கள். அது எல்லோர் வீட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

கூட்டம் முடிந்ததும் நெட் பரீட்சை பற்றிக் கேட்க விரும்பும் குழந்தைகள் என்னிடம் வரலாம். காபி ஆறினாலும் பரவாயில்லை. எல்லோருடைய வீட்டுக் குழந்தைகளும் தீர்க்காயுசாக இருக்க ஸ்ரீ பத்மநாப ஸ்வாமியைப் பிரார்த்திக்கிறேன். நமஸ்காரம்.